இரண்டாவது பெட்டி எழுதிய பதில்கள்

போன வாரம் ஒருத்தன் என்னை மெஷின் என்று சொல்லிவிட்டான். அவன் யார், எந்த ஊர், ஆணா பெண்ணா என்பதெல்லாம் தெரியாது. ஃபோனில் ஒரு விவாதக் குழு. புதுசாக வந்த கருவிகள், விஞ்ஞானம், எந்தக் கம்பெனியில் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள் என்கிற ஆபீஸ் செய்திகள், இவற்றை வைத்து முகம் தெரியாதவர்கள் முட்டிக்கொள்ளும் இடம். அன்றைக்குச் சாக்கடை அள்ளும் ரோபோவைப் பற்றிச் சண்டை. நான் இரண்டு பக்கத்து நியாயத்தையும் எடுத்துவைத்து, நிதானமாக, கமா முற்றுப்புள்ளியெல்லாம் போட்டு எட்டு வரி எழுதினேன். உடனே பதில் வந்தது. ‘இவ்வளவு பொறுமை மனுஷனுக்குக் கிடையாது. நீ மெஷின். இல்லையென்றால் நிரூபி.’

எப்படி நிரூபிப்பது? காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, சாப்பிட்டபின் இரண்டு மாத்திரை என்று சொல்லலாம். அதை மெஷினும் சொல்லும். சில இடங்களில் கட்டம் கட்டமாகப் படம் காட்டி, ‘சிக்னல் விளக்கு இருக்கும் கட்டத்தைத் தொடு’ என்பார்கள். அதில் நான் மூன்றுக்கு இரண்டு முறை தோற்றுப்போகிறவன். சாம்பியன் ரீப்ஸ் என்கிற தங்கச் சுரங்க ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கும் சிக்னல் விளக்குக்கும் என்ன பழக்கம், சொல்லுங்கள்.

வீட்டில் யாராவது இருந்தால் காட்டிச் சிரித்திருக்கலாம். மனைவி பங்காரப்பேட்டையில் டீச்சர். மகள் பெங்களூரில் ஹாஸ்டல். என் கம்பெனி ஒரு லேப்டாப்பைக் கையில் கொடுத்து, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டது. ஆகவே சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிவிட்ட இந்த லைன் வீட்டில், பகல் முழுக்க நானும் ஃபிரிட்ஜும்தான். ஃபிரிட்ஜ் அவ்வப்போது உறுமும். நான் அதுவும் செய்வதில்லை.

ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மனைவி சொல்லிவிட்டுப் போன வேலையைச் செய்தேன். ஏழாம் வகுப்புக் கேள்வித்தாள் நாற்பது பிரதி. பிரிண்டர் ஒவ்வொன்றாகத் துப்பியது. சூடான காகிதத்துக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? இஸ்திரி போட்ட சட்டைக்கும் சுட்ட அப்பளத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு வாசனை. நாற்பது பிரதியும் வந்து முடிந்தபோது நான் வீட்டில் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால், மாரிக்குப்பம் போகிற சாயங்கால வண்டியில், இரண்டாவது பெட்டியில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

சுரங்கத்தை மூடி நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. ஊரில் பாதி ஆம்பளைகளும் கால்வாசிப் பொம்பளைகளும் விடியும் முன்னே ரயில் ஏறிப் பெங்களூர் போய், இருட்டிய பிறகு திரும்புவார்கள். வீடு என்பது சட்டை மாற்றிக்கொள்ளும் இடம். மற்றபடி குடித்தனமெல்லாம் பெட்டியில்தான். இரண்டாவது பெட்டியில் நாங்கள் பத்துப் பதினோரு பேர் ஒரே இடத்தில் உட்காருவோம். எனக்கு மெஷின்களோடு வரும் விளக்கப் புத்தகங்களை டைப் அடிக்கிற கம்பெனியில் வேலை. அந்த மெஷின்களில் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. ‘இந்தத் திருகை வலப்புறமாகத் திருப்பவும்’ என்று ஆயிரம் தடவை அடித்திருப்பேன். வீட்டுக் குழாயில் எது வலப்புறம் என்று இன்றைக்கும் குழப்பம்தான்.

ஆனால் என் மேஜையில் இன்டர்நெட் இருந்தது. அந்தப் பெட்டியில் வேறு யாருக்கும் அது கிடையாது. அதனால் எனக்கு ஒரு மரியாதையும் இருந்தது. ‘ரைட்டர்’ என்று கூப்பிடுவார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிறவருக்குள்ள பெயர். மரியாதையா கிண்டலா என்று கடைசிவரை நான் விசாரிக்கவில்லை.

அப்போதும் இதே மாதிரி ஒரு விவாத இடம் இருந்தது. ஃபோரம் என்பார்கள். இங்கிலீஷில் நடக்கும். சொந்தப் பெயரில் யாரும் எழுதமாட்டார்கள். நான் வைத்துக்கொண்ட பெயர் ‘செகண்ட் ஷிஃப்ட்’. ஆரம்பத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நானே ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் சீண்டவில்லை. ஒரு நாள் ஒரு சண்டையைப் பிரிண்ட் எடுத்து, ஆபீஸ் காகிதம், ஆபீஸ் மை, ரயிலில் தமிழில் படித்துக் காட்டினேன். சும்மா சிரிக்கத்தான்.

பூமிக்குள்ளே ஆழமாகப் போனால் ஜில்லென்று இருக்கும், அங்கே கம்ப்யூட்டர்களை வைத்தால் ஏசி செலவு மிச்சம் என்று ஒருத்தன் எழுதியிருந்தான். பத்துப் பேர் ஆமாம் போட்டிருந்தார்கள்.

பெட்டியே கொதித்துவிட்டது.

“இன்னாது, ஜில்லுனு இருக்குமா?” என்றாள் தனலட்சுமி அக்கா. பெங்களூர் கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறவள். புருஷன் பழைய சுரங்கத் தொழிலாளி. “எங்க வூட்டுக்காரரு நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்தா சட்டைய புழிஞ்சா பக்கெட் ரொம்பும். ஜில்லாம்ல!”

“எழுது ரைட்டரே,” என்றான் பாபு. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவன். யாரையும் குத்தாமல் இருக்கமாட்டான், வேலையிலும் பேச்சிலும். “பாறைல கை வெச்சா தோலு ஒட்டிக்கும்னு எழுது.”

எழுதினேன். மறுநாள் பதில் வந்திருந்தது. லிங்க் குடு. அதாவது எங்கே போட்டிருக்கிறது, ஆதாரம் காட்டு.

“லிங்க்னா இன்னாடா?” என்றாள் அக்கா.

“சாட்சிக்கா.”

“சாட்சியா? எங்க வூட்டுக்காரரு முதுவுல கீது. வந்து பாத்துட்டுப் போவச் சொல்லு.”

அதையும் எழுதினேன். அப்படி ஆரம்பித்ததுதான். மத்தியானம் பிரிண்ட், சாயங்காலம் பஞ்சாயத்து, தாளின் பின்பக்கம் என் குறிப்பு, மறுநாள் மத்தியானம் பதில். ஒரு கேள்விக்குப் பதில் போக இருபது மணி நேரம். ஆபீஸில் கக்கூஸ் போகிற நேரத்தைக் கணக்கெடுக்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்தபோது எல்லோரும் அங்கே அதிர்ச்சி அடைந்திருந்தார்கள். அக்கா, “இது ஒரு நியூஸாடா? எங்க லைன்ல டோக்கன் குடுத்துத்தான் அனுப்புவான். ரெண்டு டோக்கன் தான். மூணாவதுக்கு சாமியதான் வேண்டிக்கணும்” என்றாள். அதை அப்படியே இங்கிலீஷில் போட்டேன். அவ்வளவு பேரும் எழுந்து நின்று கை தட்டாத குறை.

செகண்ட் ஷிஃப்டுக்குப் பெயர் ஏறிவிட்டது. மனிதர் டாக்டர் விஷயம் பேசுகிறார், தையல் தெரிகிறது, டெலிபோன் ஒயர் தெரிகிறது, பாறை தெரிகிறது. எப்பேர்ப்பட்ட அனுபவம்! நானும் கொஞ்சம் கொஞ்சமாக ‘என் அனுபவத்தில்’ என்று பதிலை ஆரம்பிக்கப் பழகிக்கொண்டேன்.

அந்தப் பதினோரு பேரில் அதிகம் பேசாதவர் சகாயம் அண்ணன். என் எதிர் சீட்டு. சுரங்கத்தில் வைண்டராக இருந்தவர். ஆட்களை இரும்புக் கூண்டில் ஏற்றி ஒரு மைல் கீழே இறக்கி, திரும்பத் தூக்குகிற ராட்சத இன்ஜினை ஓட்டுகிறவர்தான் வைண்டர். அந்தக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அவர் கேஜைப் பார்க்க முடியாது. இன்ஜின் ரூமில் உட்கார்ந்து, மணிச் சத்தத்தையும் கம்பிக் கயிற்றின் சத்தத்தையும் வைத்தே ஓட்டவேண்டும். ஊரில் பாதிப் பேருடைய அப்பாவைத் தினமும் பத்திரமாக மேலே கொண்டுவந்தவர். இப்போது ஒயிட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் கேட்டில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். கார் கண்ணாடிக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு சல்யூட் அடிக்கிறார்.

ஒரு நாள் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னார். “எங்க பில்டிங்ல மூணாவது லிப்டு அழுவுதுப்பா. கேட்டாண்டயே எனக்குக் கேக்குது. போயி சொன்னேன். ‘நீ கேட்டாண்ட நில்லு’ன்றான்.”

“நீ இன்னாணா சொன்ன?”

“இன்னா சொல்றது. கேட்டாண்ட நின்னேன்.”

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிடவேண்டும். தேர்தல் வந்தால் எங்கள் ஊர்ச் சுரங்கம் மேடைப் பேச்சில் திறந்துவிடும். ஓட்டு எண்ணியதும் மூடிவிடும். அப்படி ஒரு தேர்தல் சமயத்தில், கையில் ஏதோ ஒரு பிரிண்டை வைத்துக்கொண்டு, அதில் இருப்பதுபோலப் படித்தேன். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தைத் திறக்கிறார்கள், முதலில் வைண்டர்களைத்தான் கூப்பிடுகிறார்கள், சர்டிபிகேட்டோடு ஆபீஸுக்கு வரவேண்டும். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் படித்தேன். அதுதான் என் திறமை. மறுநாள் காலையில் உடைத்துச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் எதிர் சீட்டு காலி. அதற்கு மறுநாள் வந்தார். எண்ணெய் தடவிய தலை. முகச்சவரம் செய்த கன்னம். முந்தின நாள் வைண்டர் சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, மூடிக்கிடக்கும் ஆபீஸ் கேட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த வாட்ச்மேன், இவரும் ஒரு வாட்ச்மேன்தானே, உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். என்னைப் பார்த்து, “நல்லா சிரிச்சேன்டா” என்றார்.  பாபுகூட அன்றைக்கு யாரையும் குத்தவில்லை.

அதன் பிறகுதான் லிப்ட் விவகாரம் வந்தது. ஃபோரத்தில் ‘பேப்பர் வெயிட்’ என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார். ஒரு அடுக்குமாடியில் லிப்ட் எட்டாவது மாடியைத் தாண்டும்போது ஒரு உதறல் உதறுகிறது. ஏறினாலும் உதறல், இறங்கினாலும் உதறல். கன்ட்ரோல் போர்டை இரண்டு தடவை மாற்றியாயிற்று. எட்டாவது மாடிக் கதவைக் கழற்றிப் பார்த்தாயிற்று. ஒன்றும் தெரியவில்லை. முப்பது பேர் முப்பது விதமாகச் சொல்லியிருந்தார்கள். சாஃப்ட்வேர், மோட்டார், வாஸ்து.

நான் படித்து முடித்ததும் சகாயம் அண்ணன் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பினார்.

“மொத்தம் எத்தன மாடின்னு கேளு.”

“அதான் எட்டாவதுன்னு சொல்லிட்டாரேணா.”

“உதறுறது எட்டு. கட்டடம் எத்தன?”

கேட்டேன். மறுநாள் பதில் வந்தது. பதினாறு.

அண்ணன் சிரித்தார். நான் அவர் பல்லைப் பார்த்ததே அன்றைக்குத்தான். “எட்டாவது மாடிய எதுக்குடா கழட்டுறானுங்க? அது பாதி வழி. நம்ம ஷாஃப்ட்ல ஒரு கேஜ் எறங்குனா இன்னொண்ணு ஏறும். நடு வழில ரெண்டும் தாண்டும் பாரு, அப்ப உள்ள கீறவனுக்கு பக்குனு ஒரு காத்து அடிக்கும். உங்கப்பன கேளு, சொல்லுவாரு. லிப்டுல எதுக்க கேஜ் இல்ல, எடைக்கட்டு கீது. பொட்டி ஏறுனா அது எறங்கும். அதுங்க ரெண்டும் பாதி வழிலதான் பாத்துக்கும். எடைக்கட்டு தண்டவாளத்த புடிக்கிற ஷூ ஒரு பக்கம் தேஞ்சி போயிருக்கும். ஆடினு வருது. தாண்டும்போது உதறுது. எட்டாவது மாடி இன்னா பண்ணும் பாவம்?”

பெட்டியில் சுரங்கத்துக்குள் போய்வந்த எல்லோரும், ‘ஆமாம்ல’ என்று ஒரே நேரத்தில் தொடையைத் தட்டினார்கள். நான் எழுதினேன். ‘என் அனுபவத்தில்’ என்று ஆரம்பித்துத்தான் எழுதினேன்.

மூன்றாம் நாள் பேப்பர் வெயிட் எழுதியிருந்தார். ஷூ தேய்ந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும். மாற்றியதும் உதறல் போய்விட்டது. ரயிலில் படித்தேன். பங்காரப்பேட்டையில் வண்டி நின்றபோது யாரோ வடை வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். அண்ணன் வடையைக் கையில் வைத்துக்கொண்டு, “திருப்பிப் படி” என்றார். படித்தேன். “உம்” என்றார். பிறகு கோரமண்டல் ஸ்டேஷன் வரைக்கும் வடையைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

அடுத்த வாரம் பேப்பர் வெயிட் எனக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்பினார். அவர் லிப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாராம். ஆட்கள் இருக்கிறார்கள், எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள், சத்தத்தைக் கேட்பதில்லை. உங்களைப் போல ஒருவர் வேண்டும், சனிக்கிழமை வந்து பாருங்கள்.

அந்தக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அன்றைக்கு ரயிலில் வேறு எதையோ படித்தேன்.

“பேப்பர் வெயிட் இன்னா சொன்னான்?” என்றார் அண்ணன்.

“ஒண்ணும் சொல்லலணா.”

முதலில் ஆள் எப்படி என்று பார்த்துவிட்டு அண்ணனிடம் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு எதற்கு என் கல்யாணச் சட்டையை இஸ்திரி போட்டேன் என்று நீங்கள் கேட்கக்கூடாது.

பேப்பர் வெயிட் ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும். கன்னடத்துக்காரர். நான் அத்தனை நாளும் ‘சார்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அதைத் திருத்தவில்லை. என்னை நேராக ஒரு கட்டடத்தின் உச்சிக்கு, லிப்ட் மோட்டார் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். “கண்ணு மூடுங்க. சொல்ப கேளுங்க. என்ன கேக்குது?”

மூடினேன். கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வயிற்றுச் சத்தம்தான் கேட்டது. காலையில் பதற்றத்தில் சாப்பிடவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “கொஞ்சம் ஆயில் போடணும் போல மேடம்” என்றேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “செகண்ட் ஷிஃப்ட் நீங்க இல்ல.”

“பாதி நான்தான் மேடம். எழுதுறது நான்.”

“சொல்றது?”

சொன்னேன். இரண்டாவது பெட்டியை, சகாயம் அண்ணனை, ஒயிட்ஃபீல்ட் கேட்டை, எல்லாவற்றையும். அவர் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காபி வாங்கிக்கொடுத்து அனுப்பினார். திங்கட்கிழமை மத்தியானம் இன்னொரு கடிதம் வந்திருந்தது. முதல் வரி எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ‘சனிக்கிழமை நீங்கள் வந்து போன பிறகு யோசித்தேன்.’ அடுத்த வரி, ‘அந்த வைண்டரை இந்த வாரத்துக்குள் அழைத்து வாருங்கள், அவருக்காக இடத்தை வைத்திருக்கிறேன்.’

அதையும் நாலாக மடித்துப் பையில் வைத்தேன். திங்கள் சாயங்காலம் சொல்லவில்லை. செவ்வாயும் புதனும் சொல்லவில்லை. வியாழக்கிழமை, வண்டி மாலூர் தாண்டியதும் சொன்னேன்.

“அண்ணா, ஒரு வேல கீதுணா. லிப்டு கம்பெனில. உன்னத்தான் கூப்புடுறாங்க.”

எல்லோரும் என் முகத்தில் சிரிப்பைத் தேடினார்கள். பிறகு பாபு ஆரம்பித்தான். “மைன்ஸ் எப்ப தொறக்குறாங்க, அதயும் சொல்லிடு ரைட்டரே.”

“நெஜம்டா.”

“நெஜம்னா லிங்க் குடு!”

பெட்டியே பிடித்துக்கொண்டது. “லிங்க் குடு ரைட்டரே! லிங்க் குடு!” தனலட்சுமி அக்கா டிபன் பாக்ஸில் தாளம் போட்டாள். எல்லோருக்கும் நல்ல சிரிப்பு. ஃபோரத்தில் ஊர்ப்பட்ட பேர் என்னிடம் கேட்ட கேள்வி, இப்போது ரயிலுக்குள்ளும் வந்துவிட்டது.

லிங்க் என் பையில் இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், மடிப்பு தெரிந்தது. எடுத்து நீட்டினால் போதும். பாபு உரக்கப் படிப்பான். முதல் வரியிலிருந்துதானே படிப்பான்? ‘சனிக்கிழமை நீங்கள் வந்து போன பிறகு.’

அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. “காட்டேன்டா,” என்றார் மெதுவாக.

நான் கையைப் பையிலிருந்து எடுத்தேன். காலியாகத்தான் எடுத்தேன். “சும்மாணா. ஜோக்கு,” என்றேன். முகத்தில் ஒரு சிரிப்பையும் வரவழைத்தேன்.

“எனக்குத் தெரியும்டா உன்ன,” என்று அக்கா என் மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் போனது. அந்த அம்மாளிடமிருந்து அப்புறம் கடிதம் வரவில்லை. நானும் எழுதவில்லை. பிரிண்டுகள் தொடர்ந்தன. ஆனால் நான் ‘என் அனுபவத்தில்’ என்று எழுதுவதை விட்டுவிட்டேன். நல்ல புத்தி வந்தது, வேலைக்கு உதவாத நேரத்தில். அண்ணன் மேலும் இரண்டு வருஷம் அதே சீட்டில் வந்தார். வடை வந்தால் எனக்குப் பாதி பிட்டுக் கொடுப்பார். சில நாள் எல்லோரும் தூங்கிவிட்ட நேரத்தில், “அப்புறம், சொல்லு” என்பார். “இன்னாணா சொல்றது” என்பேன். “சும்னே கேட்டேன்” என்பார். பிறகு முழங்கால் மோசமாகி, ஓசூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

நாலைந்து வருஷம் கழித்து ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். மாதாகோயில் திருவிழாவுக்கு வந்திருந்தார். கையில் ஒரு பை, பைக்குள் முருங்கைக்காய். ஓசூரில் முருங்கைக்காய் கிடைக்காதா என்று கேட்டேன். “கெடைக்கும். வாசன இல்ல” என்றார். பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்தேன். பாதி தூரம் முருங்கைக்காயைப் பற்றியே பேசினேன். பிறகு சொன்னேன்.

“அண்ணா, லிப்டு வேல ஒண்ணு சொன்னனே ரயில்ல. அது நெஜம்ணா.”

பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “தெரியும்டா.”

நான் நின்றேன். அவர் நிற்காமல் சொல்லிக்கொண்டே போனார்.

“அதுக்கு அடுத்த மாசமே அந்த அம்மா எங்க கேட்டாண்ட வந்துச்சி. எங்க பில்டிங் லிப்டெல்லாம் அவங்களுக்குத்தான் குடுத்தாங்க. நான் மூணாவது லிப்டு அழுவுதும்மான்னு சொன்னேன். நின்னு பாத்துச்சி. ‘நீங்க சகாயமா?’ன்னு கேட்டுச்சி. அதுக்குள்ள வேற ஆள போட்டுட்டாங்களாம். ரொம்ப வருத்தப்பட்டுச்சி.” நடந்துகொண்டே சிரிக்க ஆரம்பித்தார். “நீ கண்ண மூடினு நின்னு ஆயிலு போடணும்னியாமே!” கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

“தெரிஞ்சும் ஏண்ணா என்ன ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா நீ எதுனா ஜோக்கு அடிச்சிருப்ப. நீயா சொல்லுவன்னு ஒக்காந்துனு இருந்தேன்.”

“ரெண்டு வருஷமாவா?”

“இன்னா இப்போ? எதுத்த சீட்டுதான. எங்க ஓடிப் போவப் போற.”

ஓசூர் பஸ் புறப்படுகிற நேரம். முருங்கைக்காய்ப் பையை முதலில் ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, அடுத்த காலை மெதுவாகத் தூக்கி ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கை காட்டினார். நான் மன்னிச்சுக்கோணா என்று சொன்னது அந்த பஸ் இரைச்சலில் அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. கேட்டிருக்கலாம். அவருக்குக் காது நல்ல காது. ஆனால் நான் சத்தமாகச் சொல்லவில்லை.

அதோடு சரி. இரண்டு வருஷம் முன்பு அவர் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். ஒரு பொம்பளைப் பிள்ளை கன்னடத்தில் ராங் நம்பர் என்றது. தனலட்சுமி அக்காவின் கார்மெண்ட்ஸை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பாபு துபாயில் ரத்தம் எடுக்கிறான், புது வருஷத்துக்கு ஒரு பூங்கொத்துப் படம் அனுப்புவான். அந்த ஃபோரமும் இல்லை. ஒரு நாள் திறந்தால் வெள்ளைப் பக்கம் வந்தது. எட்டாவது மாடி உதறல், தனலட்சுமி அக்காவின் இரண்டு டோக்கன், அவள் வீட்டுக்காரர் முதுகு, எல்லாம் அதோடு போயிற்று. பிரிண்டுகளையாவது வைத்திருப்பேனா என்றால், அந்த வருஷங்களில் எங்கள் வீட்டு அலமாரித் தட்டுகளில் விரித்திருந்தது முழுக்க அவைதான். கரப்பான் தின்றுவிட்டது.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் அதே சாயங்கால வண்டியில் வருகிறேன். இரண்டாவது பெட்டிதான். எதிரே உட்காருகிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், கால் நீட்ட இடம் விடுவார்கள். எல்லோர் கையிலும் ஃபோன். எல்லோரும் எங்கோ இருக்கிற யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், கட்டைவிரல் போகும் வேகத்தில் தெரிகிறது. நானும் போடுகிறேன். ஒரு கேள்வி கேட்டால் எச்சில் விழுங்குவதற்குள் பதில் வந்துவிடுகிறது. நான் ஒரு நியாயத்தை முழுசாக அடித்து முடிப்பதற்குள், அந்தப் பக்கத்து ஆள் வேறு சண்டைக்குப் போய்விடுகிறான்.

சில நாள் மாலூர் தாண்டியதும் ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டு எதிர் சீட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பிள்ளை காதிலிருந்து ஒன்றைக் கழற்றி, “அங்கிள், ஏதாவது வேணுமா?” என்று கேட்கும்.

“ஒண்ணுமில்லப்பா” என்பேன்.

அதுவும் சரி என்று திரும்ப மாட்டிக்கொள்ளும்.